வேன் அக்காவின் பின்கண்ணாடி

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதை காரணமில்லை, பயம். இப்போது பெருமாட்டிப் பக்கம் புருஷன் வீட்டுத் தென்னந்தோப்பில் இருக்கிறாள். பேர் வெளியே வந்தது தெரிந்தால், அங்கிருந்து மூன்று பஸ் மாறி மூணாறு வந்து, என் காதைத் திருகிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகிற ஆள். பேர் தேவையும் இல்லை. எங்கள் எஸ்டேட்டில் பால் குடிக்கிற பிள்ளையிலிருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் வரைக்கும் அவள் வேன் அக்கா. அவள் புருஷன் வேன் அக்கா வீட்டுக்காரர். அந்த மனுஷருக்கும் ஒரு பேர் இருந்திருக்கும், பாவம்.

அவளிடம் ஒரு பழைய வெள்ளை வேன் இருந்தது. மேல் லயத்துப் பிள்ளைகள் பதினோரு பேரை அதில் ஏற்றி டவுன் பள்ளிக்கூடத்தில் விடுவது அவள் வேலை. தோட்டத்துத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற வீடுகளைத்தான் லயம் என்கிறோம். கீழ் லயத்துப் பிள்ளைகள் பதினோரு பேரை ஜீப்பில் ஏற்றி அதே பள்ளிக்கூடத்தில் விடுவது என் வேலை. பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போகிற வேலை எனக்கு ஒன்பதாம் வகுப்போடு முடிந்துபோனது. அதன் பிறகு கேட்டு வரைக்கும் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் வண்டி ஓட்டும்போது முன்னால் பார்ப்பார்கள். அக்காவுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் குறைவு. உள்ளே தொங்குகிற கண்ணாடியில் ஒரு கண், அதன் வழியாகப் பின்கண்ணாடியில் ஒரு கண். ரோட்டுக்கு மிச்சம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஸ்டாண்டில் எல்லா வண்டியின் பின்கண்ணாடியிலும் பிள்ளைகள் பேர், சாமி படம், கட்சிக்காரர் படம் என்று ஒட்டி, நடுவில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அவள் வண்டியில் ஒரு பொட்டுகூட இருக்காது. வண்டிக்குப் பூஜை போட்ட பூசாரி பின்கண்ணாடியில் சந்தனம் வைக்கப் போனபோது, “சாமி, முன்னாடி எவ்வளவு வேணும்னாலும் வைங்க, பின்னாடி மட்டும் வேண்டாம்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்கழி, தை வந்தால்தான் அவளுக்குச் சோதனை. விடியும்போது புல் எல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். டூரிஸ்ட்டுகள் நாலு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் படுத்துப் போட்டோ எடுப்பார்கள். எங்களுக்கு அது கண்ணாடியில் ஒட்டிக்கிடக்கிற வேலை. வெளியே உறைபனி. அதைச் சுரண்டி எடுத்து உள்ளே பிள்ளைகளை ஏற்றினால், பதினோரு வாயிலிருந்தும் ஆவி கிளம்பிக் கண்ணாடி உள்பக்கம் பால் ஊற்றினது மாதிரி ஆகிவிடும். ஜன்னலைத் திறந்தால் கண்ணாடி தெளியும், பிள்ளைகள் பல் தாளம் போடும். மூடினால் பிள்ளைகள் சிரிக்கும், கண்ணாடி மூடிக்கொள்ளும்.

அதற்காக அக்கா ஒரு சட்டம் போட்டாள். காலையில் வேன் கதவுப் பக்கம் நின்றுகொண்டு விசாரணை நடக்கும்.

“இன்னைக்கு யாரெல்லாம்லே தலைக்குக் குளிச்சிருக்கீங்க?”

இரண்டு மூன்று கை உயரும்.

“முன்னாடி வாங்க. ஈரத் தலையோட பின்னாடி உக்காந்தா இட்லிச் சட்டி மாதிரி ஆவி பறக்கும்.”

“அக்கா, நான் குளிக்கவே இல்ல.”

“நல்ல பிள்ளை. நீ கடைசி சீட்டு.”

கடைசி சீட்டுதான் பிள்ளைகளுக்குச் சிம்மாசனம். வண்டி தூக்கிப் போடுகிற சுகம் அங்கேதான். ஒரே வாரத்தில் மேல் லயத்தில் பையன்கள் குளிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு பையனுடைய அம்மா வேனுக்கு முன்னால் வந்து நின்று சண்டை பிடித்தாள்.

“எம் மவன் எட்டு நாளா தண்ணியே தொடல. கேட்டா, குளிக்காதவனுக்குத்தான் வேன் அக்கா கடைசி சீட்டு குடுப்பாங்கன்னு சொல்லுதான். இதென்ன நியாயம்?”

“நான் தலைக்குத்தான் சொன்னேன். உடம்புக்குச் சொல்லலையே.”

“அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்!”

கடைசி சீட்டில் பேசவும் கூடாது. பேசினால் ஆவி வரும். வாயாடிகள் எல்லாம் முன்னால், ஊமைகள் பின்னால். ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ரொம்பப் பவ்யமாகக் கேட்டானாம்: “அக்கா, மூக்கால மூச்சு விடலாமா?” அக்கா யோசித்துவிட்டு, “மெதுவா விடு” என்றாளாம். ஒரு நாள் சாயங்காலம் என் ஜீப்பில் தொற்றிக்கொண்ட அந்தப் பையனே இதை என்னிடம் சொன்னான். நான் ஜீப்பை ஓரம் கட்டிச் சிரித்தேன்.

வைத்தியமும் நிறையப் பார்த்தாள். உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்ப்பாள். சோப்பைத் தடவி உலர்ந்த துணியால் துடைப்பாள். அவள் வீட்டுக்காரர் தேயிலை பேக்டரியில் மெஷின் பார்க்கிற பிட்டர். பெருமாட்டிக்காரர். எங்கள் எஸ்டேட்டில் பூனையைக்கூட ‘போங்க’ என்று துரத்துகிற ஒரே ஆள். அவர் ஒரு நாள் அடுப்படி வாசலில் நின்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

“ஏனுங்க அம்மிணி, இந்த உருளக்கெழங்கு கொழம்புக்குங்களா, வண்டிக்குங்களா?”

“பாதி வண்டிக்கு. மிச்சம் இருந்தா கொழம்புக்கு.”

“அப்ப ஊட்டுல இன்னைக்கும் ரசந்தானுங்க” என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

பிறகு யாரோ உப்பு ஈரத்தை இழுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பழைய காலுறையில் கல் உப்பை நிறைத்து, முடிச்சுப் போட்டு, பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பத்து நாளில் காலுறை இளைத்துப்போனது. அவிழ்த்துப் பார்த்தால் பாதி இல்லை.

“உப்பு எங்கலே போச்சு?”

“ஆவி உறிஞ்சிருச்சுக்கா.”

சொன்னவன் டிரவுசர் பையில் நாலு நெல்லிக்காய் இருந்தது. அக்கா அவனை அடிக்கவில்லை. “அந்தக் காலுறை யாரு காலுல கெடந்ததுன்னு தெரியுமா? பேக்டரிக் காலுலே” என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை.

எங்கள் ரோடு ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே கொழுந்து லாரி வந்தால் அது பின்னால் போகாது, நாம்தான் போக வேண்டும். இரண்டு வளைவு, மூன்று வளைவு என்று பின்னாலேயே வந்து அகலமான இடத்தில் ஒதுங்க வேண்டும். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டு, தெளிந்த கண்ணாடியைப் பார்த்தபடி, கோடு போட்டது மாதிரி வேனைப் பின்னால் கொண்டுபோவாள். என் ஜீப்பில் பின்பக்கம் படுதா. அதில் ஒரு பிளாஸ்டிக் ஜன்னல், வெயிலில் மஞ்சளாகிப் பழைய பல்லு மாதிரி இருக்கும். அதனால் நான் கதவைத் திறந்து வெளியே தொங்கிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பேன்.

“பாதி ஆளு வெளிய, பாதி ஆளு உள்ள” என்பாள். “எந்தப் பாதிலே லைசென்ஸ் வாங்குச்சு?”

“வெளிய தொங்குதது தான்கா. உள்ள இருக்கது சும்மா தொணைக்கு.”

“நீ சிரி. ஒரு நாளைக்குத் தெரியும்.”

“நீங்க எப்பப் பாத்தாலும் பின்னாடியே பாக்கீங்களே, அத்தான் தொரத்திட்டு வாராரா?”

“அவரு தொரத்துனா ‘கொஞ்சம் நில்லுங்க’ன்னு சொல்லிட்டுத்தான் தொரத்துவாரு” என்றாள். அன்றைக்கு அவளும் சிரித்துவிட்டாள்.

இப்படி நான் கேலி செய்துகொண்டிருந்தாலும் அவளுக்கு அந்த வருஷம் பனிக்காலம் விளையாட்டாக இல்லை. உறைபனி அதிகம். விடிந்தெழுந்து, பிள்ளைகள் பெட்டியிலிருந்து வாங்கின பிளாஸ்டிக் ஸ்கேலால் கண்ணாடியைச் சுரண்டுவாள். கிளம்பின பிறகு வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி உள்பக்கம் துடைப்பாள். பள்ளிக்கூட கேட்டு சாத்திவிடுவார்கள். மேல் லயத்துப் பிள்ளைகள் மட்டும் அசெம்பிளி முடிகிற வரை வெளியே நிற்கும். அந்த வழியாக நான் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போகும்போது ஹாரன் அடித்துக் கையாட்டுவேன். நல்ல புத்தி.

மேல் லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் பறந்தது. அங்கே பெற்றோர்களுக்குத் தலைவராக இருந்தவர் பீல்டு சூப்பர்வைசர். அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இன்னும் மூன்று நாள் லேட் ஆனால் பிள்ளைகளை ஜீப்புக்கு மாற்றுவது. அதாவது என் ஜீப்புக்கு.

அக்காவுக்கு அந்த ட்ரிப் போனால் வேனும் போகும். வேன் போனால் என்ன மிச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷம் மலைச்சரிவில் கொழுந்து எடுத்தவள். மழைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அட்டைக்கு உப்புத் தடவிக்கொண்டு ஏறினவள். லைசென்ஸ் எடுத்து, வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேனில் உட்கார்ந்த அன்றைக்கு ஊர் ஆம்பிளைகள் பேசாத பேச்சு இல்லை. ட்ரிப் போனால் மறுபடியும் போய், காலையில் வேலைக்கு ஆள் பதிகிற மஸ்டரில் நின்று பேர் கொடுத்துக் கேட்க வேண்டும்.

“மறுபடி அந்தச் சரிவுல ஏற மாட்டேன்லே” என்று ஒரு நாள் டீக்கடையில் என்னிடம் சொன்னாள். “என் முட்டி ஏறாது. அது ஏறுனாலும் மனசு ஏறாது.”

“பின்ன எதுக்குக்கா கண்ணாடியக் கட்டிட்டு அழுதீங்க? முன்னாடி மட்டும் தொடச்சுட்டு நேரத்துக்குப் போங்க.”

“பின்னாடி தெரியாம நான் வண்டி எடுக்க மாட்டேன்.”

“அப்ப பிள்ளைகள என் ஜீப்புல ஏத்திவிடுங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் உள்ளே கணக்கு ஓடியது. அதை இப்போது மறைத்து என்ன பிரயோசனம்?

முதல் லேட், இரண்டாவது லேட் முடிந்தது. மூன்றாவது லேட் ஆக வேண்டிய அன்றைக்கு, பனி அப்படி ஒரு பனி. கண்ணாடியில் வெள்ளைத் தகரம் அடித்தது மாதிரி இருந்தது. அக்கா ஸ்கேலால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் ஒடிந்தது. நான் மேல் லயத்துக் கடையில் பீடி வாங்க வந்தவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“இதுக்குப் போயி இவ்வளவு பாடா? சுடுதண்ணிய ஊத்துங்கக்கா. ஒரு நிமிசத்துல ஓடிரும்.”

சூடு பட்டால் குளிர்ந்த கண்ணாடி தாங்காது என்று எனக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் தெரிந்திருக்கும், என்னைத் திட்டுவாள், நான் சிரித்துக்கொண்டு போகலாம் என்றுதான் நினைத்தேன். அவள் திட்டவில்லை. பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மணியைப் பார்த்தாள். உள்ளே போனாள். வீட்டுக்காரர் குளிக்கக் காயவைத்த தண்ணீரை அண்டாவோடு தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, வேண்டாம்” என்று நான் சொல்ல வாய் திறந்ததற்கும் அவள் ஊற்றினதற்கும் நடுவில் ஒரு இமை கொட்டுகிற நேரம்தான்.

ஒரு சத்தம். பின்கண்ணாடி முழுவதும் கல்கண்டு மாதிரி உதிர்ந்து கீழே கொட்டியது. பிள்ளைகள் ‘ஐ’ என்று கத்திக்கொண்டு பொறுக்க ஓடின. அக்கா அண்டாவைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி இருந்த ஓட்டை வழியாக வேனுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பிளாஸ்டிக் ஷீட்டக் கட்டிட்டு ஓட்டும்மா” என்றார்கள். மாட்டேன் என்றாள். அந்தப் பழைய வேனுக்குக் கண்ணாடி அடிமாலியிலும் இல்லை, தேனியிலும் இல்லை. கோயம்புத்தூரில் பழைய வண்டி உடைக்கிற கடைகளில் தேட வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் லீவு போட்டுக் கிளம்பினார். “வந்தர்றனுங்க அம்மிணி, நீங்க மனசு உட்றாதீங்க” என்றார். என்னைப் பார்த்து, “தம்பி, அதுவரைக்கும் புள்ளைங்களப் பாத்துக்கோங்க” என்றார். அந்த மனுஷர் இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்படி நான் நினைத்தது நடந்தது. மேல் லயத்துப் பிள்ளைகளும் என் ஜீப்பில். விடியக்காலையிலேயே தொடங்கி இரண்டு நடை அடிக்க வேண்டும், முதலில் மேல் லயம், அடுத்து கீழ் லயம். முதல் நாள் காலையில் மேல் லயத்தில் போய் நின்றேன். பிள்ளைகள் ஏறின. கடைசியாக ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, எல்லாம் போட்டுக்கொண்டு அக்காவும் ஏறினாள். படுதாவைச் சுருட்டி மேலே கட்டினாள். பின்பக்கத்துக் கதவோரம் ரோட்டைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்க எங்கக்கா வாரீங்க?”

“ஒன் வண்டிக்குப் பின்கண்ணாடி கெடையாதுல்ல. நான் இருக்கேன்.”

“ரெண்டு நடையுமா?”

“ரெண்டு நடையும்.”

“கண்ணாடி இவ்வளவு பேசாதுல்லக்கா.”

“ரோட்டப் பாத்து ஓட்டுலே.”

திறந்த படுதா வழியாகக் குளிர் உள்ளே வந்து என் முதுகெலும்பை எண்ணியது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். நான் ரிவர்ஸ் எடுத்தால் பின்னாலிருந்து, “வா, வா, வா, ஓடை இருக்கு, நில்லு” என்று குரல் வரும். இரண்டு நாள் நான் கேலி செய்தேன். சிக்னலுக்குப் பதிலாக ‘அக்கா, இடது கையக் காட்டுங்க’ என்பேன். காட்டுவாள்.

மூன்றாம் நாள், இரண்டாவது நடை. கீழ் லயத்தில் பிள்ளைகளை ஏற்றிக் கிளம்பி, தண்ணீர்த் தொட்டி வளைவைத் தாண்டினேன். மூடுபனி ரோட்டில் படுத்துக்கிடந்தது.

“நிப்பாட்டு!”

ஓடையா, லாரியா என்று பதறிப் பிரேக்கை மிதித்தேன். ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் வெறும் புகை. பிறகு அதற்குள்ளிருந்து ‘டப், டப்’ என்று காலடி. ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள். இரண்டாம் வகுப்பு. ஒரு காலில் ஷூ, இன்னொன்று கையில். பை முதுகில் குதித்துக்கொண்டிருந்தது. அவளை எனக்குத் தெரியும். என் ட்ரிப்பில் இருக்கிற பிள்ளைதான். அடிக்கடி வர மாட்டாள். லீவு போடுகிற பிள்ளை என்று நினைத்து நானும் கிளம்பிவிடுவேன்.

அக்கா அவளைத் தூக்கி உள்ளே வைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னது:

“அண்ணே, இன்னைக்குத்தான் நின்னீங்க.”

“ஏன், என்னைக்கு நிக்கல?”

“தெனமும் ஓடியாருவேன். நீங்க பாக்கவே மாட்டீங்க. இந்த வளைவு வரைக்கும் ஓடியாந்து, அப்பறம் வீட்டுக்குப் போயிருவேன்.”

அவள் அம்மா மஸ்டருக்கு நேரத்திலேயே போய்விடுவாள். தம்பியைக் கிரெச்சில் விடுவது இவள் வேலை. கிரெச்சில் ஆயா கதவைத் திறக்கிற நேரமும் என் ஜீப் கிளம்புகிற நேரமும் ஒன்று. தம்பியை உள்ளே தள்ளிவிட்டு ஓடிவருகிறாள். ஆயா சீக்கிரம் வந்த நாளில் மட்டும் ஜீப் கிடைக்கும்; முந்தின இரண்டு நாள் தம்பிக்குக் காய்ச்சல், அவள் வெளியே வரவே இல்லை. நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. என் பின்னால் மஞ்சள் பிளாஸ்டிக் இருந்தது. சைடு கண்ணாடியில் பனித்துளி இருந்தது. பாட்டுச் சத்தமும் இருந்தது.

நான் ஏதாவது கேலியாகச் சொல்லி அதைக் கடந்துபோகப் பார்த்தேன். கை போய்ப் பாட்டை நிறுத்தியது. அக்கா ஏதாவது சொல்வாள், ‘பாத்தியாலே’ என்று ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அந்தப் பிள்ளையின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஈரச் சாக்ஸைப் பிழிந்துவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“தலைக்குக் குளிச்சியா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா.”

“அப்ப எங்கூடப் பின்னாடி உக்காரு.”

சனிக்கிழமை கிரெச் வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். மேல் லயம், கீழ் லயம் இரண்டுக்கும் சேர்த்து. கோயம்புத்தூரில் கண்ணாடி கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை மாட்டிவிடலாம் என்று அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணியிருந்தார். ஆனாலும் சூப்பர்வைசர் விடவில்லை.

“கண்ணாடி வருதது சரிம்மா. அடுத்த பனிக்கு மறுபடியும் லேட்டுதான? தம்பி இந்த ஒரு வாரமா ரெண்டு நடையும் டைமுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கான். இப்படியே இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அப்புறம், “அந்தக் கண்ணாடி எப்படி ஒடஞ்சுது?” என்று கேட்டார்.

எனக்கு வேர்த்தது. தை மாதம், மூணாறு, வேர்வை. அக்கா எழுந்து நின்றாள்.

“நான்தான் சுடுதண்ணி ஊத்துனேன். லேட் ஆகுதேன்னு அவசரம். எம் புத்தி.”

“அது கூடத் தெரியாதா வண்டி ஓட்டுதவங்களுக்கு?” என்று யாரோ ஒரு ஆம்பிளைக் குரல் பின்னாலிருந்து சிரித்தது. அவள் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சொல்லுதே? ரெண்டு லயமும் நிரந்தரமா எடுத்துக்கிடுதியா?”

எடுத்துக்கிடுதேன் என்று சொல்வதற்காக ஒரு மாதமாக நாக்கில் தயாராக வைத்திருந்தேன்.

“முடியாது” என்றேன். “என் ஜீப்புல பின்னாடி தெரியாது. கீழ் லயத்துப் பிள்ளை ஒண்ணு ஜூன் மாசத்துலேர்ந்து என் வண்டிக்குப் பின்னால ஓடியாந்து ஓடியாந்து திரும்பிப் போயிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. இந்த அக்கா வந்து உக்காந்த பொறவுதான் தெரிஞ்சுது.”

அந்தப் பிள்ளையின் அம்மா கூட்டத்தில் இருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மகள் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் வீட்டில் உட்காருகிறாள் என்று நினைத்து அடித்திருக்கிறாள். “அடிச்சேனே” என்று மட்டும் சொன்னாள். என் ட்ரிப்பைப் பிடுங்கப் போகிறார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மேல் லயத்து அம்மா ஒருத்தி, அதுதான், மகன் குளிக்கவில்லை என்று சண்டை பிடித்தாளே அவள், எழுந்து கேட்டாள்:

“ஏக்கா, கேக்கேன்னு கோவிச்சுக்காதீங்க. ராத்திரியே அந்தக் கண்ணாடி மேல ஒரு கம்பளியப் போத்தி விட்டா, காலையில பனி எப்படிக்கா ஒட்டும்?”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷம் கம்பளி போர்த்தி மலை ஏறினவள். உருளைக்கிழங்கு தெரியும், சோப்புத் தெரியும், காலுறையில் உப்புத் தெரியும். அவள் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

“அது... அது எனக்குத் தோணலையே” என்றாள்.

முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. சூப்பர்வைசர் கூட மேஜையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே முடிவும் ஆகிவிட்டது. வேன் மேல் லயத்துக்கே. ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு வீட்டிலிருந்து ஒரு கம்பளி. வேன் கால் மணி நேரம் முன்னால் கிளம்பும், பிள்ளைகளை அதற்கு ஏற்ற மாதிரி அனுப்ப வேண்டும். என் ஜீப்புக்குப் புதுப் படுதாவும் பளிச்சென்று தெரிகிற ஜன்னலும் தைத்த பிறகுதான் ட்ரிப். அந்தப் பிள்ளைக்காக ஜீப் கிரெச் வாசலில் நின்று கிளம்ப வேண்டும்.

கூட்டம் கலைந்து கீழே இறங்கும்போது அவள் பக்கத்தில் போய் நடந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு அது பழக்கமில்லாத வேலை.

“ஏன்க்கா சொல்லல?”

“எத?”

“சுடுதண்ணி. நாந்தான சொன்னேன்.”

“நீ சொன்ன. ஊத்துனது நான்தானே?”

“தெரிஞ்சேதான்கா சொன்னேன். ஒடையும்னு தெரியும்.”

அவள் நின்றாள். குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். காதைத் திருகப் போகிறாள் என்று தலையைக் குனிந்து கொடுத்தேன்.

“அதுவும் எனக்குத் தெரியும்லே. ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது.”

“பின்ன அங்க சொல்லிருக்கலாம்ல? என் ஜீப்ப நிப்பாட்டிருப்பாங்க. பிள்ளைக எல்லாம் உங்க வேனுக்கே வந்திருக்கும்ல?”

“அதனாலதாம்லே சொல்லல” என்று அவள் நடக்கத் தொடங்கினாள். “இருவத்திரண்டு பிள்ளைக மூச்சு. எந்தக் கண்ணாடிலே தாங்கும்?”